கீழ் டிவிஷன் தண்ணி மெஷின்: பழுது திருத்திய விபரம்

இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிஷனில், ஓடைக்கரையோரம் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. உள்ளே இருப்பது நீர்மின் இயந்திரம். எல்லாருக்கும் அது தண்ணி மெஷின். நல்லபடி ஓடினால் ஒரு கிலோவாட் அளவுக்குக் கரண்ட் தரும். தொண்ணூறுகளின் கடைசியில் லயத்து ஆட்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள், சங்கம் சேர்ந்து, வெளியுதவி கொஞ்சமும் சிரமதானம் நிறையவுமாகக் கட்டியது. அப்புறம் மின்சார சபையின் கம்பி லயத்துக்கு வந்தது, மெஷினை மறந்துவிட்டோம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு என்று ஆனபோதுதான் பெரியப்பா கொட்டில் சாவியைத் தேடி எடுத்தார். அந்தக் காலத்தில் மெஷின் பார்த்தவர் அவர்தான். அன்றைக்கு அவசரத்துக்கு ஓடவைத்தது, அப்படியே அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆனி, ஆடி மழையில் பிரச்சினை இல்லை. சிவனொளிபாதமலை யாத்திரைச் சீசன் நடக்கும்போது, தை மாசியில் ஓடை மெலிந்ததும் தொல்லை தொடங்கும். வால்வைத் திறந்தால் பல்புகள் பளிச்சென்று எரியும். சில நிமிடங்களில் மங்கும், துடிக்கும், அணையும். மூடிவைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் மறுபடி அதே கூத்து. வால்வைப் பாதி மூடி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அணையவில்லை, ஆனால் புத்தகம் பார்க்க முடியாத வெளிச்சம். "மோட்டாரு கெழண்டிருச்சு தம்பி, புதுசு ஒன்னு போட்டா சரியாப் போயிரும்" என்றார் பெரியப்பா. டிவிஷனில் வீட்டுக்கு இவ்வளவு என்று சல்லி சேர்க்கும் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. நான் ஹட்டனில் வயரிங் வேலை செய்கிறவன் என்பதால், மோட்டார் வாங்கும் முன் ஒரு தடவை பார்த்துச் சொல் என்று என்னிடம் வந்தது.

முதலில் மெஷினின் அமைப்பு. மேலே ஓடையை மறித்து முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டு. அங்கிருந்து சின்ன வாய்க்கால், வாய்க்கால் முடிகிற இடத்தில் தொட்டி. தொட்டியிலிருந்து 4 அங்குல பிவிசி பைப் சரிவில் ஏறக்குறைய 120 மீட்டர் இறங்குகிறது. கீழே கொட்டிலில் பெல்டன் சக்கரம்: விளிம்பைச் சுற்றிக் கிண்ணம் கிண்ணமாக வார்த்தது, கிண்ணங்களின் நடுவைத் தொட்டுப் போகும் வட்டத்தின் விட்டம் 200 மில்லிமீட்டர். இரண்டு நொசில்கள் அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சும், இரண்டுக்கும் தனித்தனி வால்வு உண்டு. சக்கரத்தின் அச்சில் 8 அங்குலக் கப்பி, மோட்டாரில் 5 அங்குலக் கப்பி, நடுவில் வி பெல்ட்.

ஜெனரேட்டர் என்று தனியாக எதுவும் வாங்கிப் போடவில்லை. 1.5 கிலோவாட், அதாவது 2 குதிரைவலு உள்ள சாதாரண மூன்று ஃபேஸ் தூண்டல் மோட்டார்தான். தண்ணீர் பம்பில் இருக்கிற அதே சாமான். நிமிடத்துக்கு 1500 சுற்று வேகத்தைக் கொஞ்சம் தாண்டி அதைச் சுழற்றி, தகுந்த கொள்ளளவிகளை (கெப்பாசிட்டர்) இணைத்தால், கரண்ட் இழுக்கிற மோட்டார் கரண்ட் தரத் தொடங்கும். சின்ன நீர்மின் திட்டங்களில் பல நாடுகளில் இந்த வழி பழக்கத்தில் உண்டு. பிரஷ் கிடையாது, தேயச் சாமான் கிடையாது, பேரிங் போனால் எந்த ஊரிலும் வாங்கலாம். அளவுக்கு மீறிப் பாரம் போட்டால் தானே வோல்ட்டை இழந்து சும்மா சுற்றும், எரிந்துபோகாது.

எல்லாரும் மோட்டாரைத்தான் குறை சொன்னார்கள் என்பதால் அதிலிருந்தே தொடங்கினேன். மெகர் என்கிற காப்புச் சோதனைக் கருவியை வைத்து, மோட்டாரின் கம்பிச்சுற்றுகளுக்கும் உடலுக்கும் இடையே பார்த்தால் காப்பு நன்றாக இருந்தது. மூன்று சுற்றுகளின் தடையும் ஒன்றுபோல இருந்தது. பேரிங் மட்டும் கரகரத்தது. 6205, இரண்டு பக்கமும் ஒரே எண், மாற்றியாயிற்று. கொள்ளளவிகளில் ஒன்று வயிறு வீங்கியிருந்தது. அது கோளாறுதான், ஆனால் மழைக்காலத்தில் நன்றாக எரிந்து கோடையில் மட்டும் அணைவதற்கு அது காரணமாக முடியாது. கொள்ளளவிக்கு மழை வெயில் தெரியாது.

கரண்ட் பக்கத்தை மூடிவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் போனேன். பைப்பின் அடியில், நொசில் வால்வுகளுக்கு முன்னால், ஒரு அழுத்தமானியைப் பொருத்தினோம். இந்த வேலை முழுவதிலும் பிரயோசனமான கருவி இதுதான். இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது 40 பிஎஸ்ஐ. ஒரு பிஎஸ்ஐக்கு 0.7 மீட்டர் என்று வைத்தால், தொட்டி கொட்டிலைவிட 28 மீட்டர் உயரம். சரிவில் நாடா பிடித்துத் தடுமாற வேண்டியதே இல்லை. இனி வால்வுகளைத் திறந்தால், பைப்புக்குள் உரசலில் போவது ஒரு மீட்டர்தான், முள் ஒன்றரை பிஎஸ்ஐக்குமேல் இறங்கக் கூடாது. எங்களுடைய முள் திறந்தவுடனேயே அதைவிட நன்றாக இறங்கியது. சற்று நேரம் அங்கேயே நின்றது, பிறகு நடுங்கி, சரசரவென்று விழுந்தது. அதே நேரத்தில் பைப்புக்குள் களகளவென்று சத்தம். மேலே தொட்டியருகில் நின்ற பையன் கூவினான்: தொட்டி காலி, பைப் காற்றை இழுக்கிறது.

ஆக, மெஷின் கேட்கிற தண்ணீர், ஓடை தருகிற தண்ணீரைவிட அதிகம். ஏன் இவ்வளவு கேட்கிறது என்று நொசில்களைக் கழற்றிப் பார்த்தோம். முதலில் போட்டபோது துவாரம் 15 மில்லிமீட்டர் என்று பெரியப்பாவின் பழைய கொப்பியில் எழுதியிருக்கிறது. அளந்து பார்க்க நல்ல வழி, ட்ரில் பிட்டின் பின்பக்கத்தை உள்ளே விடுவது. 15 தாராளமாக ஆடியது, 16 போனது, 18 சிக்காமல் போய்வந்தது. துவாரத்தின் உள்விளிம்பு ஒருபக்கமாகக் கோடுகோடாக அரிந்திருந்தது. மணல் செய்த வேலை.

15 எங்கே, 18 எங்கே, மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் போகிறது. 18-ஐ 15-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.44. ஒரு நொசில் விநாடிக்கு 4 லீட்டர் குடித்த இடத்தில் இப்போது ஐந்தே முக்கால் லீட்டர் குடிக்கிறது. இரண்டும் திறந்தால் 8 லீட்டருக்குப் பதில் 11-க்கு மேல். மாசி மாதம் கட்டுக்கு மேலே ஓடையின் தண்ணீரை 200 லீட்டர் பீப்பாய்க்குத் திருப்பிவிட்டு நேரம் பார்த்தோம். விநாடிக்கு 6 லீட்டர். தொட்டியில் பாதிக்குமேல் மண் நிரம்பியிருந்ததால் சேமிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. சில நிமிடங்களில் அணைந்ததில் ஆச்சரியம் என்ன.

வால்வைப் பாதி மூடினால் ஏன் மங்குகிறது என்பதும் இங்கேயே விளங்கிவிடும். பெல்டன் சக்கரத்துக்கு வேண்டியது பீய்ச்சும் வேகம். உரசல் போக மிஞ்சும் 27 மீட்டர் உயரத்தில் நொசிலிலிருந்து புறப்படும் தண்ணீர் விநாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் வரும். கிண்ணங்கள் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் ஓடும்போதுதான் தண்ணீரின் பலம் முழுதும் சக்கரத்துக்கு இறங்கும். 200 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு அது நிமிடத்துக்கு 980 சுற்று, கப்பிகளின் கணக்கில் மோட்டாருக்கு 1570. வால்வைப் பாதி மூடினால் அழுத்தம் வால்விலேயே செத்துவிடுகிறது. தண்ணீர் மிச்சமாகும், வேகம் போய்விடும், வேகத்தோடு வோல்ட்டும் போய்விடும். இந்த மாதிரி மெஷினில் வால்வு என்பது முழுக்கத் திறக்க அல்லது முழுக்க மூட மட்டும். தண்ணீரைக் குறைக்க வேண்டுமென்றால் ஒரு நொசிலை மூடிவிட்டு ஒன்றில் ஓட்ட வேண்டும்.

புது நொசில்கள் இரண்டை ஹட்டனில் லேத் கடையில் பித்தளையில் கடைந்து வாங்கினோம். 15 மில்லிமீட்டர் துவாரம், உள்ளே கூம்பாகச் சரிந்து கடைசியில் சிறு நேர்ப்பகுதி. மோட்டாருக்கென்று சேர்த்த சல்லியில் இது ஒரு மூலைக்கும் வராது. இதைப் போட்டு ஓட்டியதும் பல்புகள் நின்று எரிந்தன, எல்லாருக்கும் சந்தோஷம். பெரியப்பா மட்டும் "இதயும் மண்ணு தின்னுரும்ல?" என்றார். சரியான கேள்வி. கட்டியபோது போட்ட நொசில் அந்தக் காலத்தில் மெஷின் ஓடிய வருடமெல்லாம் நின்றதாகவும், 2022-க்குப் பிறகுதான் இவ்வளவு சீக்கிரம் அரித்ததாகவும் அவர் சொன்னார். அப்போது இல்லாத மணல் இப்போது எங்கிருந்து வருகிறது?

ஓடையோடு மேலே ஏறினோம். கட்டுக்கு மேலே இரண்டு வளைவு தாண்டினால் ஒரு மலை. நாங்கள் மலை என்பது தேயிலை நிற்கும் துண்டு நிலத்தை. பழைய விதைத் தேயிலையை மறுநடுகைக்கென்று பிடுங்கியிருக்கிறார்கள். முறைப்படி, பிடுங்கிய நிலத்தில் குவாத்தமாலாப் புல்லோ மானாப்புல்லோ போட்டு ஒன்றரை இரண்டு வருடம் மண்ணைத் தேற்றிய பிறகுதான் புதுக் கன்று வைக்க வேண்டும். 2021-இல் இரசாயன உரத் தடை, அதன்பின் பணத் தட்டுப்பாடு என்று எல்லாம் தடுமாறிய காலம் அது. புல் போட்டது பாதியோடு நின்றிருக்கிறது. வெறும் சரிவு, நடுவில் தூர்ந்த கான்கள், அதாவது வடிகால்கள். மேற்குச் சரிவின் மழை அதில் விழுந்தால் கழுவிக்கொண்டு நேராக ஓடைக்குத்தான் வரும். அங்கே நின்று பார்க்கும்போது, எங்கள் மெஷினின் உண்மையான முதல் பாகம் கட்டும் வாய்க்காலும் இல்லை, இந்தச் சரிவுதான் என்று பட்டது. நொசிலை எத்தனை தடவை மாற்றினாலும் இது இப்படியே கிடந்தால் வருடா வருடம் லேத் கடைக்கு நடக்க வேண்டியதுதான்.

அந்த மலை எங்களுடையது அல்ல. லயத்தில் இருக்கிறவர்களுக்குக் காலடி நிலமே எழுத்தில் இல்லாதபோது மேல்மலையைப் பற்றி என்ன பேசுவது. கிராமிய நீர்மின் திட்டங்கள் 1997-க்குப் பிறகு உலக வங்கிக் கடனுதவியோடு நாட்டில் பெருகியபோது, மின் நுகர்வோர் சங்கங்கள் வைத்து அவற்றை எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் கிராமங்கள். தோட்டங்களில் குறைவாக இருந்ததற்கு நிலம் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். சரி, அதை விடுவோம். தோட்ட மனேஜர் துரையிடம் போய்க் கேட்டதில், ஓடைக்கரை ஓரமாக ஒரு பட்டையில் வெட்டிவேரும் மானாவும் வைத்துக்கொள்ள வாய்ப்பேச்சாக அனுமதி கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், ஒரு சாண் இடைவெளியில் வெட்டிவேர்த் துண்டுகள். கான்களில் இருந்த பழைய மண்குழிகளைத் தோண்டித் திறந்தோம். கொழுந்து பறிக்கிற அக்காமார் வைத்த வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஆண்கள் வைத்த வரிசையைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

புல் வேர்பிடித்து மண்ணைப் பிடிக்க வருடங்கள் ஆகும். அதுவரை மணலைத் தொட்டிக்கு முன்பே பிடிக்க வேண்டும். ஆகவே வாய்க்காலின் நடுவில் ஒரு மண்டித் தொட்டி.

இதன் கணக்கு எளிது. தண்ணீர் மெதுவாக நகர்ந்தால் மணல் அடியில் இறங்கும். கால் மில்லிமீட்டர் பருமனுள்ள மணல்மணி அசையாத தண்ணீரில் விநாடிக்கு இரண்டு மூன்று சென்ரிமீட்டர் இறங்கும், பொடிமணல் ஒரு சென்ரிமீட்டருக்கும் குறைவாக. ஓடிவரும் தண்ணீரைத் தொட்டியின் மேற்பரப்பால் வகுத்தால் வருகிற வேகத்தைவிட விரைவாக இறங்கும் மணி எல்லாம் அகப்படும். நாங்கள் கட்டியது 2 மீட்டர் நீளம், 60 சென்ரிமீட்டர் அகலம், அதாவது 1.2 சதுர மீட்டர். விநாடிக்கு 8 லீட்டர் என்றால் வேகம் 0.7 சென்ரிமீட்டர் வருகிறது. மாவு மாதிரியான களிமண் தப்பிப்போகும், போகட்டும், அது நொசிலை அவ்வளவாக அரிக்காது. பித்தளையைத் தின்பது குவார்ட்ஸ் என்கிற பளிங்கு மணல்தான்.

அளவைவிட முக்கியம் தண்ணீர் அமைதியாக உள்ளே வருவது. குறுகிய வாய்க்காலிலிருந்து நேராகத் தொட்டிக்குள் பாய்ந்தால், நடுவில் ஒரு ஓட்டமாக மறுமுனைக்கு ஓடிவிடும், பக்கங்களில் தண்ணீர் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். அதனால் வாயில் அகலத்தைச் சிறிது சிறிதாக விரித்து, குறுக்கே துளைகள் போட்ட ஒரு பலகையை நிறுத்தினோம். காய்ந்த இலைத்துகளைத் தூவிப் பார்த்தால் தெரியும்: பலகை இல்லாதபோது இலை அம்பாகப் போனது, பலகை வைத்ததும் முழு அகலத்துக்கும் பரவி நகர்ந்தது. அடித்தளம் ஒரு பக்கமாகச் சரிவு, சரிவின் முடிவில் 3 அங்குலக் கழிவுக் குழாய், அதற்கு மரக்கட்டை மூடி. கட்டையை உருவினால் மண்டி முழுக்க வெளியே. வால்வு வைக்கலாம்தான், மணலில் வால்வு எவ்வளவு நாள் மூடும்?

மேசன் பாஸ் ஒருவர் லயத்திலேயே இருந்தார். சீமெந்து வாங்கி முதுகில் ஏற்றியது பெரிய வேலை, செலவிலும் பெரிய பங்கு அதுதான். மணலுக்கு நாங்கள் அலையவில்லை. பழைய தொட்டியில் கிடந்த மண்ணை வாரி, ஓடைத்தண்ணீரில் களிமண் போகக் கழுவி, அரித்து, அதையே கலந்தோம். நொசிலைத் தின்ற மணலைச் சுவரில் பூசினோம் என்று பாஸ் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

இலைதழைக்குத் தொட்டியின் பைப் வாயில் ஒரு வலை. இடைவெளி நொசில் துவாரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது, எங்களுக்கு 7 மில்லிமீட்டர். தொழிற்சாலையில் கொழுந்து வாடப் போடும் தட்டின் கழித்துப்போட்ட கம்பிவலை ஏறக்குறைய அந்த அளவில் கிடைத்தது. நெட்டுக்குத்தாக வைக்காமல் நன்றாகச் சாய்த்து வைத்தோம், இலை தானே மேலேறி ஒதுங்கும். டர்பன்டைன் மரத்துப் பட்டை உரியும் காலத்தில் மட்டும் ஆள் போய் வழிக்க வேண்டியிருக்கிறது.

ஓடைக்குத் தண்ணீர் விடுவது பற்றி. கட்டிலிருந்து கொட்டில் வரை ஓடையில் ஒன்றரை நூறு மீட்டர் போல இருக்கும். அந்தத் தூரத்தில் மெஷின் எடுப்பதெல்லாம் ஓடைக்கு நட்டம். கொட்டிலைத் தாண்டியதும் தண்ணீர் திரும்ப வந்துவிடும், கீழே மரக்கறித் தோட்டக்காரருக்கு ஒன்றும் குறையாது. ஆனால் நடுவில் காய்ந்தால் நண்டு, மீன், கரையோரப் பன்னம் எல்லாம் போகும். நாட்டில் சிறு நீர்மின் நிலையங்கள்மேல் வந்த எதிர்ப்புக்கு முக்கியமான காரணமே ஓடைகளை முழுக்கப் பைப்புக்குள் ஏற்றியது. எங்கள் பழைய கட்டில், வழிந்தது மட்டும்தான் ஓடைக்கு என்றிருந்தது. கோடையில் வழியவே வழியாது. இப்போது கட்டின் அடியில், வாய்க்கால் வாயைவிடத் தாழ்வாக ஒரு குழாய் பதித்திருக்கிறோம். முதல் 2 லீட்டர் ஓடைக்கு, மிச்சம்தான் மெஷினுக்கு. மாசியின் 6 லீட்டரில் 2 போனால் 4. ஒரு நொசிலுக்குச் சரியாக அவ்வளவுதான் வேண்டும். அடைக்கிற மாதிரி மூடி எதுவும் வைக்கவில்லை. வைத்தால் யாராவது அடைப்பார்கள்.

வழியும் தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும், மலைநாட்டில் இது உயிர்ப் பிரச்சினை. மெஷினை மூடினால் தொட்டிக்கு வருகிற 8 லீட்டரும் எங்கேயாவது போயாக வேண்டும். பழைய தொட்டியில் அது பின்பக்கச் சரிவில் வழிந்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே இரண்டாவது லயம். 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது தோட்டத்து ஆட்கள் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊறிய சரிவுக்கு மேலும் தண்ணீர் ஊட்டுவதைப் போன்ற முட்டாள்தனம் கிடையாது. வழிவாயிலிருந்து ஓடை வரை கல் பாவிச் சீமெந்து பூசிய கானை இழுத்தோம். பைப்பின் ஒவ்வொரு பொருத்தையும் தோண்டிப் பார்த்து, கசிந்த இரண்டை மாற்றி ஒட்டினோம். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் கட்டு வாயிலேயே பலகையைப் போட்டு வாய்க்காலை உலரவிடுவது என்று பேசியிருக்கிறோம். தண்ணீர் வேலையில் எனக்கு அதிகம் மனநிம்மதி தந்தது இந்தக் கான்தான். மெஷினுக்கும் வெளிச்சத்துக்கும் அது எதுவும் சேர்க்கவில்லை என்பது வேறு.

இனிக் கரண்ட் பக்கம். மூன்று ஃபேஸ் மோட்டாரிலிருந்து வீட்டுக்கு வேண்டிய ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட் எடுக்க, மூன்று கம்பிச்சுற்றுகளையும் டெல்டாவாக (முக்கோணமாக) இணைத்து, ஒரு சுற்றுக்கு ஒரு பங்கு கொள்ளளவி, அடுத்ததற்கு இரண்டு பங்கு, மூன்றாவதற்கு ஒன்றுமில்லை என்று கட்டுவார்கள். 1.5 கிலோவாட் மோட்டாருக்கு 30, 60 மைக்ரோஃபரட் அளவில் வரும். நிரந்தரமாக ஓடுகிற வகை, 400 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாக எழுதியிருக்க வேண்டும். ஸ்டார்ட் கொள்ளளவி வாங்கிப் போட்டால் நிமிடங்களில் வெடிக்கும். சுழலும் திசைக்கு ஏற்ற சுற்றில் இரண்டு பங்கு விழ வேண்டும், மாறி விழுந்தால் மோட்டார் சூடாகும். கிளாம்ப் மீட்டரால் மூன்று சுற்றின் கரண்டையும் பார்த்து, பாரம் ஏறும்போது அவை ஒன்றையொன்று நெருங்கினால் சரி, விலகினால் மாற்றிக் கொடுக்கலாம். வீங்கியிருந்தது அந்த 60-தான், அளந்தால் 41 காட்டியது.

நீண்டநாள் சும்மா கிடந்த மோட்டார் சிலவேளை முழுவேகத்தில் சுற்றியும் ஒரு வோல்ட்டும் தராது. உள்ளே எஞ்சியிருக்கும் காந்தம் அழிந்திருக்கும். மெஷினை நிறுத்தி, த்ரீவீல் பேட்டரியின் 12 வோல்ட்டை ஒரு சுற்றில் சில விநாடி தொட்டு எடுத்தால் உயிர் வந்துவிடும். பெரியப்பா இதை "மோட்டாருக்கு நெனப்பு காட்டுறது" என்பார்.

கட்டுப்படுத்திப் பெட்டியில் ட்ரையாக் என்ற மின்னணு சுவிட்ச் வெடித்திருந்தது. 2022-இல் பெட்டியைச் சுற்றிக் கம்பி இழுத்து நேரே கொடுத்துவிட்டு, யாரும் சுவிட்ச்சைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். காரணம் உண்டு. எல்லாரும் பல்பை அணைத்தால் சக்கரத்துக்குப் பாரமே இல்லை, வேகம் ஏறிக்கொண்டே போய் வோல்ட் 300-ஐத் தாண்டும், எரிகிற பல்பெல்லாம் போய்விடும். கட்டுப்படுத்தியின் வேலை, வீடுகள் எடுக்காத மிச்சத்தை ஒரு சூடாக்கும் கம்பிச்சுருளுக்குத் திருப்பி மொத்தப் பாரத்தை எப்போதும் ஒரே அளவில் வைப்பது. 40 அம்பியர் ட்ரையாக் ஒன்றைப் போட்டு, வெப்பம் கடத்தும் பசை தடவி இறுக்கியதும் பெட்டி வேலை செய்தது.

அந்தச் சுருள் முன்பு கொட்டிலின் சுவரில் காற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. பகல் முழுக்க ஏறக்குறைய 900 வாட் வீண். இப்போது தண்ணீருக்குள் போடும் வகையில் மாற்றி, கொட்டிலுக்கு வெளியே கீழ்ப் பீலிக்கு, அதாவது எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்கு, பக்கத்தில் ஒரு 200 லீட்டர் பீப்பாயில் வைத்திருக்கிறோம். காலையிலிருந்து ஓடினால் வேலை முடிந்து மலையால் வருகிற நேரத்துக்குக் குளிக்கிற சூட்டில் ஒரு பீப்பாய் தயார். விறகு பொறுக்கி வெந்நீர் போட்ட வீடுகளுக்கு இதுதான் வெளிச்சத்தைவிடப் பெரிய காரியம். பீப்பாய்க்கு எர்த் கம்பி, மோட்டாரின் வெளியேறும் இரண்டு கம்பியில் ஒன்றுக்கும் எர்த், நடுவில் ட்ரிப் சுவிட்ச். அந்த ஒரு கம்பியை எர்த் செய்யாவிட்டால் ட்ரிப் சுவிட்ச் வெறும் அலங்காரம், கரண்ட் கசிந்தாலும் விழாது. தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் என்பதால் இதில் யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வீடுகளுக்குத் தனி வயர். மின்சார சபையின் வயரிங்கில் இதை எந்தக் காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. மின்வெட்டு நேரத்தில் கம்பத்தில் ஏறியிருக்கும் ஆளை நம் ஒரு கிலோவாட் கொன்றுவிடும். மின்மாற்றி வழியாகப் பின்னால் போகும்போது நம் 230 வோல்ட் அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகிவிடும். வீட்டுக்கு 9 வாட் எல்இடி ஒன்று, போன் சார்ஜ் பண்ண ஒரு இடம். 24 வீட்டுக்கும் பல்புக் கணக்கு 216 வாட். பிள்ளைக்காம்பரா (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), கோயில், பீலிக்குப் போகும் படிக்கட்டு எல்லாம் சேர்ந்தாலும் கோடையில் ஒரு நொசில் தரும் 400 வாட்டுக்குள் அடங்கும். மெஷின் கட்டிய காலத்தில் 40 வாட் குண்டு பல்பு. அன்றைக்கு முழு ஓட்டத்திலும் வீட்டுக்கு ஒன்றுதான் கொடுக்க முடிந்தது. மெஷின் வளரவில்லை, பல்புதான் இளைத்திருக்கிறது.

எங்கள் பக்கத்து ஆறுகளான மஸ்கெலி ஓயாவிலும் கெஹெல்கமு ஓயாவிலும் மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918-இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். லக்சபானா மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950-இல். அதற்கு முன்பே பல தோட்டத் தொழிற்சாலைகளில் ஓடைத் தண்ணீரால் ரோலர்கள் சுற்றின. தேசிய மின்சாரம் வந்ததும் அந்தச் சுழலிகளைக் கைவிட்டார்கள். தேயிலை அரைக்கக் கரண்ட் இருந்த இடத்தில், கொழுந்து கொண்டுவந்த ஆளின் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்குதான் நெடுங்காலம். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது அதற்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் தெரியத் தொடங்கும். எங்களுக்கு அது ஒரு அடையாளம்: கோயில் தெரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் இரண்டாவது நொசிலை மூடலாம்.

பார்க்கவேண்டிய வேலைகளைக் கொட்டில் சுவரில் பெயின்ட்டால் எழுதியிருக்கிறோம். மழைக்காலத்தில் மண்டித் தொட்டியின் கட்டையைத் தினமும் உருவ வேண்டும், வெயிலில் வாரம் ஒருமுறை போதும். கார்த்திகையில், சீசன் தொடங்கும் முன், நொசில்களுக்கு ட்ரில் பிட் சோதனை: 15 இறுக்கமாக இருந்தால் சரி, 16 போனால் மாற்றம். அழுத்தமானி எப்போதும் 38-க்கு மேல் நிற்க வேண்டும். குறைந்தால் முதலில் வலை, பிறகு தொட்டி, அதன்பிறகு நொசில், கடைசியில்தான் மோட்டார். சாவி பெரியப்பாவிடம் ஒன்று, மேல் லயத்து அக்காவிடம் ஒன்று. மோட்டாருக்குச் சேர்த்த சல்லியில் மிஞ்சியது சங்கத்துப் பெயரில் இருக்கிறது, அதிலிருந்து உதிரிக்கு ஒரு ஜோடி பேரிங்கும் ஒரு ட்ரையாக்கும் வாங்கி டின்னில் வைத்தாயிற்று. பெல்ட் பி 52. வாங்கப் போகிறவர்கள் பழைய பெல்ட்டையும் கையோடு கொண்டுபோவது நல்லது, மேலே அடித்த எண் அழிந்துவிடுகிறது, கடைக்காரர் கண்ணளவில் எடுத்துக் கொடுத்தால் மோட்டாரை நகர்த்த இடம் போதாது.